பதினெட்டுச் சிவப்பு ரவிக்கைகளும் அக்காவின் ஊசியும்

அக்கா ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொன்னாள். அங்கிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

அக்காவுக்கு எழுபத்து நான்கு வயது. எனக்கு எழுபது. கோலசிலாங்கூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தாமான், எங்கள் குடியிருப்பு. ரப்பர் தோட்டத்தை விற்றபோது கிடைத்த சின்ன வீடுகள். அவள் முனை வீடு, நான் அதற்கு மூன்றாவது வீடு. இரண்டு பேருடைய வீட்டுக்காரர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் தையல் மெஷினை மிதித்தால் அவளுக்குக் கேட்கும்.

அக்காவுக்கு இழுப்பு உண்டு, இனிப்பு நீரும் உண்டு. போன வருஷம் ஃப்ளூ காய்ச்சல் வந்து, மூக்கில் குழாயோடு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போர்வை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டாக்டர் வந்து எனக்குப் புரிகிற மலாயில் சொன்னார்: இன்னொரு தடவை இந்த அளவுக்கு வந்தால் இந்த நெஞ்சு தாங்குவது கஷ்டம். அக்கா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்த பிறகும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

இந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. வயதானவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வரலாம், காசு கிடையாது என்றார்கள். திருவிழாவுக்குச் சுங்கை ஆயர் தாவாரிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். கோயில் மண்டபத்தில் தோளோடு தோள் இடிக்கும். அக்கா மாதர் குழுவுக்குத் தலைவி. மூன்று நாளும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நிற்பாள்.

"அக்கா, திங்கட்கிழமை போயிட்டு வந்திடுவோமா?" என்று கேட்டேன்.

"எதுக்குடி? முந்தின வருஷம் ஊசி போட்டேன். போன வருஷம் அந்தக் காய்ச்சலே வந்துட்டுப் போயிடுச்சு. ஊசியையும் பார்த்த உடம்பு, காய்ச்சலையும் பார்த்த உடம்பு. இனி அது என் வாசப்படி ஏறாது."

"வருஷா வருஷம் போடணுமாம் அக்கா."

"அது அவங்களுக்கு வேலை வேணும்ல, அதுக்குச் சொல்றது."

அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேல் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்கா பால் வெட்டப் போன காலத்தில் ஒரு மர நிரையிலிருந்து கூப்பிட்டால் நாலு நிரை தாண்டிக் கேட்கும். நான் பேசினால் எதிரில் இருப்பவரே "என்னது?" என்று கேட்பார். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. புல்வெட்டு வேலை செய்துகொண்டே தையல் பழகினேன். ரவிக்கை தைக்கிறவளுக்குப் பேசத் தெரிய வேண்டியதில்லை. கை நீட்டச் சொல்லி, அளவெடுத்து, எழுதிக்கொண்டால் போதும்.

ஆனால் இந்தத் தடவை எனக்கு மனசு கேட்கவில்லை. அக்கா சொல்வது தப்பு என்று தெரிந்தது. ஏன் தப்பு என்றுதான் தெரியவில்லை.

சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடைக்காரரின் மகள் அந்தச் சனிக்கிழமை வந்தாள். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. கோலாலம்பூரில் ஏதோ ஆய்வுக்கூடத்தில், கிருமிகளைப் பார்க்கிற வேலை. வாரக் கடைசியில் அத்தா வீட்டுக்கு வருவாள். பாஜு கூரோங், அந்த நீள மலாய்ச் சட்டை, ஒன்றை இடுப்பில் பிடிக்கச் சொல்லிக் கொண்டுவந்திருந்தாள். அந்தப் பிள்ளையிடம் எனக்குக் கூச்சம் கொஞ்சம் குறைவு. ஊக்கு குத்திக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, ஒரு தடவை வந்த காய்ச்சல் ஏன் திரும்ப வருது? உடம்புக்கு ஞாபகம் இருக்காதா?"

"இருக்கும் ஆண்ட்டி. உடம்பு நல்லா ஞாபகம் வச்சிருக்கும். வர்றதுதான் வேற மாதிரி வரும். வைரஸ் மாறிக்கிட்டே இருக்கும் லா."

"தானாவா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். சுவரில் ஆணியில் நான் மாட்டி வைத்திருந்த பேப்பர் வெட்டுகளைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டாள். சொன்னேன். வாடிக்கையாக வருகிறவர்களின் அளவை நான் பழைய நியூஸ்பேப்பரில் வெட்டி வைப்பேன். பத்துத் தடவை துணி மேல் வைத்துக் கோடு போட்டால் பேப்பர் ஓரம் நைந்துபோகும். அப்போது அதைப் புதுப் பேப்பர் மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து, புதிதாக வெட்டிக்கொள்வேன். அது நைந்தால் அதிலிருந்து இன்னொன்று.

"முதல்ல வெட்டினது இருக்கா ஆண்ட்டி?"

இருந்தது. அக்காவுடைய முதல் வெட்டு, சீனிப் பையின் தடித்த பழுப்புத் தாளில் வெட்டியது, மெஷின் டிராயரின் அடியில் கிடந்தது. அதைத் தரையில் விரித்து, சுவரில் இருந்த இப்போதைய வெட்டை அதன் மேல் வைத்தாள் அந்தப் பெண். நான் குனிந்து பார்த்தேன். கழுத்து அரை விரல் இறங்கியிருந்தது. கைக்குழி வேறு பக்கம் வளைந்திருந்தது. தோள்பட்டை ஒரு பக்கம் அகலம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நான் எதையும் மாத்தலம்மா. அப்படியேதான் பார்த்து வெட்டுவேன்."

"அதான் ஆண்ட்டி! மாத்தணும்னு நீங்க நினைக்கவே இல்ல. பென்சில் முனை ஒரு நூல் தள்ளிப் போயிருக்கும். அடுத்த காப்பி அந்தத் தப்போட சேர்த்து எடுத்திருப்பீங்க. அதுக்கு மேல இன்னொரு நூல். வைரஸும் இதேதான். அதுக்குத் தனியா பெருகத் தெரியாது. நம்ம உடம்புக்குள்ள பூந்து, நம்ம வீட்டு மெஷின்லேயே தன்னைக் காப்பி எடுத்துக்கும். கணக்கே இல்லாம, படு வேகமா. அவ்வளவு வேகமா எடுத்தா மிஸ்டேக் வராம இருக்குமா?"

"தப்பா வந்த காப்பியெல்லாம் என்ன ஆகும்?"

"முக்கால்வாசி வேஸ்ட். ஒண்ணுக்கும் உதவாது. ஆனா ஏதோ ஒண்ணு ரெண்டுல, மேல்சட்டை கொஞ்சம் மாறி, நம்ம உடம்புக்கு அடையாளம் தெரியாத மாதிரி அமைஞ்சிடும். அதைத் தடுக்க ஆள் இல்ல. அது பெருகும், அடுத்த ஆளுக்குப் போகும். நம்ம உடம்பு இன்னும் பழைய சட்டையையே தேடிக்கிட்டு இருக்கும்."

"அப்போ ஊசி?"

"இந்த வருஷம் சுத்துற சட்டை இதுதான்னு உடம்புக்கு முன்னாடியே காட்டிக் கொடுக்குறது."

"போட்டா வரவே வராதா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அப்படி நான் சொல்ல மாட்டேன் ஆண்ட்டி. வரலாம். ஆனா ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துட்டுப் போறது குறையும்."

எனக்கு அது போதும் என்று பட்டது. எனக்கு வேண்டியதே அதுதான்.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வழி முழுக்க வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் முன்னால் நின்றதும் எல்லாம் கலைந்துவிட்டது.

"அக்கா, அந்தக் காய்ச்சல் கிருமி இருக்குல்ல, அது ரவிக்கை மாதிரியாம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்னது?"

"இல்ல, ஒவ்வொரு வருஷமும் வேற ரவிக்கை போட்டுக்கிட்டு..."

"ஏண்டி, கிருமி ரவிக்கை போடுதா? சேலையும் கட்டுதா? பூ வைக்குதா?" சிரித்த சிரிப்பில் அவளுக்கே இருமல் வந்துவிட்டது. "எல்லாத்துலயும் உனக்கு ரவிக்கைதான். போய் எங்க குழு ரவிக்கையை முடிக்கிற வழியைப் பாரு."

நானும் அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டுத் திரும்பி வந்தேன். பாதி வழியில்தான் கோபம் வந்தது.

குழு ரவிக்கை என்றால், திருவிழாவுக்கு மாதர் குழுவில் எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் சேலை, சிவப்பு ரவிக்கை. பதினெட்டுப் பேர். ஒரே கடையில் ஒரே சுருளிலிருந்து கிழித்த துணி. அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். ஒருத்தருக்கு வெட்டி முடித்ததும் முதுகு ஒன்று, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு, இடுப்புப் பட்டி இரண்டு, கழுத்துப் பட்டி ஒன்று என்று எட்டுத் துண்டையும் அவரவர் அளவு ரவிக்கைக்குள் வைத்து உருட்டி, நாடாவால் கட்டிவிடுவேன். அளவு ரவிக்கையைப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். துணியைப் பார்த்தால் தெரியவே தெரியாது.

அந்த வாரம் ஒரு நாள் மத்தியானம் அக்கா வந்தாள். பாயில் உட்கார்ந்து உருட்டுகளை எண்ணினாள். எல்லாத் துணியும் ஒரே சிவப்பா என்று பார்க்கிறேன் என்று சொல்லி, தன்னுடையதையும், குழுவில் இருந்த செண்டோல் ஐஸ் கடைக்காரம்மாவுடையதையும் பிரித்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். பிறகு அவளே உருட்டிக் கட்டிவைத்தாள். நான் அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன்.

தைக்கும்போது அக்காவுடைய கை கைக்குழிக்கு மேல் பெரிதாக இருந்தது. என் பேப்பர் வெட்டுதான் தள்ளாடுகிறதே, அதனால்தான் என்று நினைத்தேன். மிச்சத் துணியைத் தோளில் சின்னச் சின்னச் சுருக்கமாக வைத்துத் தைத்துவிட்டேன். செண்டோல் கடைக்காரம்மாவுக்கோ கை பத்தவில்லை. இழுத்துப் பிடித்துத் தைத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போட்டுப் பார்க்கிற சனிக்கிழமை என் கூடத்தில் ஏழு பெண்கள். செண்டோல் கடைக்காரம்மா உள்ளறைக்குப் போனார். வருஷக்கணக்காக ஐஸ் சீவி உருண்ட கை அவருக்கு. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து சத்தம்.

"தையக்காரம்மா! கை உள்ள போயிடுச்சு, வெளிய வரமாட்டேங்குது!"

இரண்டு பேர் போய் இழுத்து, கடைசியில் நான் கத்தரிக்கோலோடு போய்த் தையலை அறுத்துத்தான் அவரை விடுவித்தேன். "ஆட்டுக்குட்டி போட வேண்டியதை எனக்குத் தைச்சிருக்கீங்க" என்று அவர் சொல்ல, கூடமே சிரித்தது. எனக்குச் சுவருக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா தன்னுடையதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தோள் இரண்டிலும் கை புடைத்துக்கொண்டு நின்றது, அந்தக் காலத்துச் சினிமாக்காரி மாதிரி. ஒல்லியான அக்காவுக்கு அது அவ்வளவு எடுப்பாக இருந்தது. கையைத் தூக்கினாள், இறக்கினாள், சுற்றினாள். எங்கேயும் பிடிக்கவில்லை.

"இதுதாண்டி ரவிக்கை! இத்தனை வருஷம் எங்க வச்சிருந்த இந்தத் தையலை?"

"எனக்கும் இந்த மாதிரி கை வேணும்" என்றார் ஒருவர். "எனக்கும்" என்றார் இன்னொருவர். அடுத்தடுத்து நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

பாஜு கூரோங்கை வாங்கிப் போக வந்த ஆய்வுக்கூடத்துப் பெண் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அறுத்த ரவிக்கையை மடியில் போட்டு, அக்கா போட்டிருந்ததோடு ஒப்பிட்டு, அக்கா கையும் அந்தம்மா கையும் மாறிப்போய்விட்டன என்று கண்டுபிடித்தபோது, அவள் கை தட்டியே விட்டாள்.

"ஆண்ட்டி! ஃப்ளூவும் இப்படித்தான் பண்ணும்! ஃப்ளூவோட ஜீன் எட்டுத் துண்டா இருக்கும். ரெண்டு வைரஸ் ஒரே செல்லுக்குள்ள போயிட்டா பீஸ் எல்லாம் மிக்ஸ் ஆகிடும். கொரோனாவுக்கு ஒரே நீளத் துண்டு, அது காப்பி எடுக்கும்போது பாதியில ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவிடும், ரீகாம்பினேஷன்னு..."

"என்னாம்மா சொல்ற?" என்றாள் அக்கா.

அந்தப் பெண் திரும்ப ஆரம்பித்தாள். இங்கிலீஷ் பாதி வந்தது. பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். யாருக்கும் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

ஏழு பேர் இருக்கும் கூடத்தில் நான் அதுவரை நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது நாள் கண் முன்னால் வந்தது. மடியில் இருந்த ரவிக்கையைப் பார்த்தபடியே பேசினேன்.

"அக்கா, போன வருஷம் உன்னைப் படுக்க வச்ச காய்ச்சல் இந்தா, இந்தப் பழைய அளவு ரவிக்கை. உன் உடம்புக்கு இது அத்துப்படி. திரும்ப வந்தா வாசல்லயே பிடிச்சிடும். ஆனா அது இப்படியே வராது. காப்பி எடுத்து எடுத்துக் கழுத்து மாறும், தோள் மாறும். அது ஒரு வழி. இன்னொரு வழி, ஒரே ஆளுக்குள்ள ரெண்டு காய்ச்சல் ஒண்ணா இருந்தா துண்டு மாறிப்போகும், இன்னைக்கு ஆன மாதிரி. இந்தம்மாவுக்குத் தைச்சது கையே நுழையாம வீணாப் போச்சு. பாதிக்கு மேல அப்படித்தான் வீணாப் போகுமாம். ஆனா எப்பயாவது ஒண்ணு, உன் ரவிக்கை மாதிரி, ரெண்டுலயும் இல்லாத அழகா அமைஞ்சிடும். அமைஞ்சா என்ன ஆச்சு பாரு. நாலு பேர் கேட்டுட்டாங்க. நாளைக்கு ஊரே போடும்."

மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினேன். யாரும் "என்னது?" என்று கேட்கவில்லை.

அக்கா தன் புடைத்த கையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்போ இந்த வருஷம் வர்றதை என் உடம்புக்குத் தெரியாதுங்கிற?"

"முழுசாத் தெரியாது. கொஞ்சம் தெரியலாம், ஏமாந்தும் போகலாம்."

"அந்தக் கிருமிக்கு வாய்ச்சதும் உன்னை மாதிரி ஒரு அரைகுறைத் தையக்காரிதானா?"

"என்னைவிட மோசம். நான் தப்புன்னு தெரிஞ்சா பிரிச்சுத் தைப்பேன். அது பிரிக்கவே பிரிக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். உருட்டைப் பிரித்துப் பார்த்தது யார் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவள் ரவிக்கையை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறு முழுக்க அவள் வீட்டுப் பக்கம் சத்தமில்லை. திங்கட்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே கேட்டைத் தட்டினாள். கையில் கிளினிக் அட்டை, குடை, ஒரு போத்தல் தண்ணீர்.

"கிளம்புடி."

"எங்க?"

"தெரியாத மாதிரி கேளு. உன் அட்டையையும் எடு. ஊருக்குச் சொன்னவ நீ போட்டியா?"

நான் போடவில்லை. அக்காவைப் பற்றியே நினைத்ததில் என் நினைப்பே எனக்கு வரவில்லை.

கிளினிக்கில் வரிசையாக நாற்காலி. பக்கத்தில் நம் ஆட்கள் நாலைந்து பேர். அக்கா உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். "இந்தக் காய்ச்சல் இருக்கு பாருங்க, வருஷா வருஷம் பஃப் கை வச்சுக்கிட்டு வருதாம்" என்று சொன்னபோது நான் அவள் முழங்கையைப் பிடித்து, அப்படி இல்லக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரில் இருந்த கிழவர் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்த் தானும் நம்பர் எடுத்து வந்தார். நான் பேசாமல் உட்கார்ந்துகொண்டேன்.

ஊசி போடுகிற மிசி ஒரு மலாய்ப் பெண். அக்காவின் நோய்ச் சீட்டைப் பார்த்துவிட்டு, "பாகுஸ், மக்சிக்" என்றாள், நல்லதும்மா என்று. அக்கா ஊசியைப் பார்க்காமல் என்னையே முறைத்துக்கொண்டு கையைக் கொடுத்தாள். முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்றாள், ஏமாந்தவள் மாதிரி.

திருவிழா நன்றாக நடந்தது. பதினெட்டுப் பேரில் பதினொரு பேருக்கு நான் மிச்சத் துணியில் பெரிய கை வெட்டி, சுருக்கம் வைத்துக் கொடுத்திருந்தேன். முடிந்த மூன்றாவது நாள் தாமானில் வீட்டுக்கு வீடு இருமல். நாலாவது நாள் அக்கா வீட்டிலிருந்தும் கேட்டது.

மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அக்கா நெற்றியில் தைலத்தோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். உடம்பு சுட்டது. மூக்கு ஒழுகியது. நான் கிளினிக்குக் கூட்டிப் போனேன். நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, மருந்து கொடுத்து, மூச்சு இழுத்தால் உடனே வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் பகலெல்லாம் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி தைத்தேன். கண் துணியில் இருந்தது, காது அவள் நெஞ்சில் இருந்தது. இழுப்புச் சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. மூக்குச் சிந்துகிற சத்தம்தான் வந்தது.

"உன் ஊசி தோத்துப்போச்சு" என்று கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

"தோக்கலக்கா. நீ வீட்டுல இருக்க."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த ஆஸ்பத்திரில டாக்டர் உன்கிட்ட என்னமோ சொன்னார்தானே? எனக்கு எல்லாம் தெரியும். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே."

நான் குனிந்து கொக்கித் தையலைப் பிடித்துக்கொண்டேன். உப்புப் போதவில்லை என்று கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் காலையில் அவளைத் தேடிப் போனால் வீடு பூட்டியிருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் என்னென்னவோ தோன்றியது. தெருவில் கொஞ்சம் தள்ளி ஆள் குரல் கேட்டது. சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன் கொண்டுவரும் லோரிப் பக்கம் நின்று, அக்கா மீன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். செவுள் வெளுத்த மீனை யாரிடம் விற்கப் பார்க்கிறாய் என்று கேட்ட கேள்வி, மூன்று வீடு தாண்டி, நான் நின்ற இடத்துக்குத் தெளிவாக வந்தது. என்னைப் பார்த்ததும், "என்னடி மரம் மாதிரி நிக்கிற? பையைக் கொண்டா" என்றாள்.

நான் பை எடுக்க என் வீட்டுக்கு ஓடினேன்.